இன்னொருவர் வாய்க்குப் பாடிய காலம்

எங்கள் மெல்பேர்ன் தமிழ்ச் சங்கத்தில் இப்போது ஒரு சண்டை நடக்கிறது. இசை மாலைகளில் மேடையேறுகிற பிள்ளைகள் உண்மையாகவே பாடுகிறார்களா, இல்லை வீட்டில் பதிவுசெய்து கொண்டுவந்த பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கிறார்களா என்பதுதான் விஷயம். வாட்ஸ்அப்பில் தொடங்கி, கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு பேர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற அளவுக்கு முற்றிவிட்டது.

போன சனிக்கிழமை செயலாளர் தம்பி வெரிபீ புறநகரிலிருந்து காரோட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை, தங்கமான குணம். "ஆன்ட்டி, நீங்க இந்த ஊர் டிவியிலயே பாடினவங்க. உங்க காலத்துல எல்லாரும் நிஜமாதானே பாடினாங்க? ஒரு நாலு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா சங்கத்து ஆண்டு மலர்ல போட்டுட்டு, அதையே ரூலா வெச்சுடலாம்" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. பாவம், அவர் முகம் வாடிப்போனது. தம்பி, உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கேட்கக்கூடாத ஆளிடம் வந்து கேட்டீர்களே என்றுதான் சிரித்தேன். நாலு வரியில் அடங்காத விஷயம் என்பதால் முழுவதையும் எழுதித் தருகிறேன். விதி போடுவதா வேண்டாமா என்பதைக் கமிட்டி பார்த்துக்கொள்ளட்டும்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கோயில் பாட்டுப் பாடத் தொடங்கி, வானொலியில் ஆங்கிலப் பாட்டும் தமிழ் மெல்லிசையும் பாடி, ஐம்பதுகளின் முடிவில் ஹோட்டல் நடனக் கச்சேரிகளுக்கு வந்து சேர்ந்தேன். ரஞ்சிதம் என்ற பெயரை ரஞ்சி என்று வெட்டிச் சுவரொட்டியில் போட்டார்கள். இரண்டு நாடகங்களில்கூட நடித்தேன். நடிப்பைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர், பாட்டு நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதினார். எங்கள் தெருவில் நான் ஒரு பெரிய ஆள்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் அவுஸ்திரேலியா கதவைக் கொஞ்சம் திறந்த நேரத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில், நானும் என் கணவர் பிலிப்பும் மெல்பேர்னுக்கு வந்தோம். அவருக்கு ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. நான் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் கொஞ்ச நாள் நின்றேன். பிறகு ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் பின்னணிக் குரலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பாடிக் காட்டினேன். எடுத்துவிட்டார்கள்.

பின்னணிக் குரல் என்றால், முன்னால் ஒரு நட்சத்திரம் பாடும்போது பின்னால் 'ஊ', 'ஆ' என்று இழுப்பவர்கள். ஜூடி, கரோல், நான் என்று மூன்று பேர். ஒரு மைக்கைச் சுற்றி நிற்போம், படத்தில் வர மாட்டோம். என் நிறத்துக்காகத்தான் மறைத்து வைக்கிறார்கள் என்று முதல் கிழமை முழுவதும் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் பொன்னிறத் தலை ஜூடியையும்தான் மறைத்திருந்தார்கள். சரி, மறைப்பிலாவது சமத்துவம் இருக்கிறதே என்று ஆறுதல்பட்டேன்.

எங்கள் இசை இயக்குநர் ஹாரி. இராணுவ வாத்தியக் குழுவில் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லியான மனிதர், எந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. 'மிஸ்டர் ஹாரி' என்றேன். கடைசிவரை அவருக்கு நான் மட்டும் கொடுத்த பட்டம் அது.

ஹாரி கத்த மாட்டார். பிழை வந்தால் பியானோவை நிறுத்துவார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், கழுத்துப்பட்டியின் நுனியால் துடைப்பார். யாரையும் பார்க்க மாட்டார். அவர் துடைத்து முடிப்பதற்குள் பிழைவிட்டவருக்குத் தான்தான் என்று தெரிந்துவிடும். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அழகு. இன்னொருமுறை" என்பார். அவர் 'அழகு' என்று சொன்னால் நாசம் என்று அர்த்தம். உண்மையில் நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளை எடுத்து வைப்பார்.

அவரிடம் நான் கற்ற பெரிய பாடம் மூச்சு. மூன்று பேர் சேர்ந்து ஒரு நீண்ட சுரத்தைப் பிடிக்கும்போது மூவரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். அதனால் ஒவ்வொருவர் தாளிலும் பென்சிலால் தனித்தனியே குறி போட்டுத் தருவார். ஜூடி இந்தச் சொல்லுக்கு முன்னால், கரோல் அந்தச் சொல்லுக்குப் பின்னால், நான் இரண்டுக்கும் நடுவில். கொழும்பு ஹோட்டலில் என் இஷ்டத்துக்கு மூச்சுவிட்டுப் பாடியவள் நான். இங்கே மூச்சுவிடவும் அனுமதி வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பழகிய பிறகு, மற்றவர் மூச்சைக் கேட்டுப் பாடுவதில் ஒரு சுகம் இருப்பது தெரிந்தது.

இனி மோய்ராவுக்கு வருகிறேன். உண்மைப் பெயரை எழுதவில்லை. அவருடைய உறவினர்கள் இருக்கிறார்கள். ஐம்பதுகளில் இந்த நாட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்த வீடுகளிலெல்லாம் அவர் பாட்டு ஒன்று ஒலித்தது. கப்பல் புறப்படுகிறது, கரையில் நிற்கும் பெண்ணின் கையில் வர்ணக் காகித நாடாவின் ஒரு நுனி, மேல்தளத்தில் நிற்பவன் கையில் மறுநுனி. கப்பல் நகர நகர நாடா இழுபட்டு அறுகிறது. அவ்வளவுதான் பாட்டு. கேட்டுவிட்டு அழாத வெள்ளைக்காரப் பெண்ணே இல்லை என்பார்கள். நானே கொழும்பு வானொலியில் அதைக் கேட்டிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மோய்ரா பாடுவதை விட்டு நடிப்பில் இருந்தார். தொண்டையில் ஒரு கட்டி வந்து அறுவைச் சிகிச்சை செய்ததில் பாட்டுக் குரல் போய்விட்டது. பேசும் குரல் மட்டும் கரகரவென்று மிஞ்சியது. அந்தக் கரகரப்பு நடிப்புக்கு வாய்த்துவிட்டது. எங்கள் நிலையத்தின் தொடர்நாடகம் ஒன்றில் மதுச்சாலை நடத்தும் விதவையாக வந்தார். குடிகாரர்களை ஒரு பார்வையில் வெளியே அனுப்புவார். சனங்களுக்கு அவர்மேல் உயிர். அவருக்குப் பாட வராது என்பது வெளியில் தெரியாது. நடிப்புக்காகப் பாட்டை விட்டுவிட்டார் என்றுதான் பத்திரிகைகள் எழுதியிருந்தன.

நாடகத்தின் தயாரிப்பாளருக்கு ஒரு ஆசை வந்தது. அந்த விதவை ஒருநாள் மதுச்சாலைப் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பழைய பாட்டைப் பாட வேண்டும். பழைய இசைத்தட்டைப் போட முடியாது. அதில் இருந்தது இருபது வயதுப் பெண்ணின் குரல். படத்தில் நிற்பவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆகவே வயதுக்குப் பொருத்தமான குரல் ஒன்று இரகசியமாகத் தேவைப்பட்டது. ஹாரி எங்கள் மூன்று பேரையும் தனித்தனியே கூப்பிட்டு ஏதோ சாக்குச் சொல்லிப் பாடவைத்தார். நான் பாடி முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளை எடுத்து வைத்தார். அது அந்தப் பாட்டுத்தான்.

இன்னொருவர் முகத்துக்குப் பாடுவது அவருடைய சட்டையைப் போடுவதுபோலச் சுலபமல்ல. ஹாரி என்னை ஒரு சிறிய அறையில் உட்காரவைத்து மோய்ராவின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டார். முதலில் சொற்களைக் கவனிக்கச் சொன்னார். என் ஆங்கிலம் கன்னியாஸ்திரிகள் அடித்துத் திருத்திய ஆங்கிலம். மோய்ராவின் ஆங்கிலம் மெல்பேர்ன் தொழிலாளர் தெருவில் வளர்ந்தது. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடும். அடுத்தது மூச்சு. எல்லாரும் வரி முடிந்து மூச்செடுப்பார்கள். மோய்ரா வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் எடுப்பார். இலக்கணப்படி பிழை. ஆனால் அந்தச் சின்ன இடைவெளியில்தான் கேட்பவர் நெஞ்சு அடைக்கும். அதைப் பிடிக்க எனக்குப் பல நாள் ஆனது. அதற்குப் பிறகு மோய்ராவையே அறைக்குள் கூட்டிவந்து என் முன்னால் உட்காரவைத்து, அவர் சத்தமில்லாமல் வாயசைக்க, அந்த வாயைப் பார்த்துப் பாடச் சொன்னார். மூச்செடுக்கும்போது அவருடைய இடது தோள் இலேசாக ஏறும். வாயைவிட அந்தத் தோளை நம்பிப் பாடக் கற்றுக்கொண்டேன்.

மோய்ரா பந்தா இல்லாதவர். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து மூடியில் எனக்கும் ஊற்றித் தருவார். ஆனால் நான் பாடத் தொடங்கினால் என் முகத்தைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். ஒருநாள் மன்னிப்புக் கேட்பதுபோல, "உன்னை இப்படித் திருட்டு வேலைக்கு இழுத்துவிட்டோம், ரஞ்சி" என்றார். எனக்குப் புரியவில்லை. இதில் என்ன திருட்டு? எங்கள் படங்களில் கதாநாயகி ஒருத்தி, பாடுகிறவர் இன்னொருவர், பாடியவர் பெயரைப் படத்தின் தொடக்கத்திலேயே போடுவார்கள், வானொலியில் பாட்டுக்கு முதல் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள், முகத்துக்கு ஒரு ரசிகர் கூட்டம், குரலுக்கு ஒரு ரசிகர் கூட்டம், இரண்டும் சண்டை பிடிப்பதில்லை என்று விளக்கினேன். மோய்ரா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு, "அப்படியானால் உங்கள் ஊரில் எனக்கு வேலை இருக்கிறது. இங்கே தெரிந்தால் என்னைச் சும்மா விட மாட்டார்கள்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. பழைய பாட்டின் பெயரை வைத்துத்தான் அந்த வேடமே கொடுத்திருக்கிறார்கள், தனியாக வாழ்கிற பெண், வேறு வேலையும் தெரியாது என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்.

காட்சி நன்றாக வந்தது. ஒளிபரப்பான நாளில், டாண்டினோங்கில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் பிறந்தநாள் விருந்து. அப்போது மெல்பேர்னில் இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரு விறாந்தையில் இருத்திவிடலாம். ஆண்கள் முன்னறையில், பெண்கள் குசினியில், தொலைக்காட்சி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு வந்தது. நான் வாய் திறக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். வீட்டுக்காரி அன்னம் பருப்புக் கரண்டியோடு முன்னறைக்கு ஓடினாள். "இது எங்கட ரஞ்சியின்ர குரல் எல்லோ!" பிலிப்புக்கு இரகசியம் காக்கச் சொல்லியிருந்தேன். ஆனால் மனுசன் முகத்தில் வழிந்த பெருமையை எந்தக் கைக்குட்டையால் துடைப்பது? எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு பெயர்கள் ஓடியபோது கண் கொட்டாமல் பார்த்தார்கள். நடித்தவர், எழுதியவர், விளக்குப் போட்டவர், தலை வாரியவர் பெயர்கூட வந்தது. என் பெயர் வரவில்லை.

அந்த வீட்டில் சிவப்பிரகாசம் மாஸ்டர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, தாதியாக வேலை செய்யும் மகளோடு வந்து தங்கியிருந்தவர். அவர் கதிரையை விட்டு எழுந்தார். "இது அநியாயம் பிள்ளை. மறந்துபோய் விட்டிட்டாங்கள் போல. சொன்னால் திருத்துவாங்கள்" என்றார். நான் பதறிப்போய், வேண்டாம் மாஸ்டர், இங்கே அப்படி வழக்கமில்லை என்றேன். அவர் தலையாட்டினார். எனக்குத் தெரியும், ஆசிரியர்மார் தலையாட்டினால் கேட்டுக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை.

திங்கட்கிழமை காலை மாஸ்டர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அழகான ஆங்கிலத்தில், கோபமே இல்லாமல், பாட்டை மிகச் சிறப்பாகப் பாடியவர் திருமதி ரஞ்சிதம் பிலிப் என்றும், பின்னணி பாடியவர் பெயர் தவறுதலாக விடுபட்டிருப்பதாகவும், அடுத்த ஒளிபரப்பில் சேர்த்துக்கொண்டால் இங்குள்ள தமிழ்மக்கள் நன்றியுடையவர்களாக இருப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இணைப்புக் கொடுக்கிற பெண் அதை எழுதிக்கொண்டு, நடிகர்கள் விவகாரம் பார்க்கும் பிரிவு, விளம்பரப் பிரிவு என்று ஒவ்வொரு பிரிவாகக் கேட்டுப் போயிருக்கிறாள். மத்தியானத்துக்குள் நிலையம் முழுவதும் தெரிந்துவிட்டது. அந்தக் கிழமை முடிவதற்குள் ஒரு பத்திரிகையின் கிசுகிசுப் பகுதியில், நமது பிரியமான மதுச்சாலைக்காரி வாயைத் திறக்கிறாரே, வருகிற குரல் யாருடையது என்று கேட்டு எழுதிவிட்டார்கள்.

மாஸ்டர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் என் பெயரை முழுதாகச் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது வயிற்றில் ஒரு குளிர்ச்சியும் வந்தது. நான் ஊருக்குத் தெரிந்த பாடகியாக இருந்தவள். எத்தனையோ காலமாக யாரும் என் பெயரை ஒரு பாட்டோடு சேர்த்துச் சொன்னதில்லை. அதற்காக ஏங்கினேன். ஆனால் அந்தப் பெயர் வெளியே வந்தால் மோய்ராவின் சோற்றில் மண் விழும். இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவது பெரிய பாடாக இருந்தது.

தயாரிப்பாளர் மோய்ரா, ஹாரி, நான் என்று மூவரையும் கூப்பிட்டார். இளவயது, நாக்கில் தேன், கண்ணில் கணக்கு. வதந்தியை அடக்க ஒரே வழிதான் உண்டு, மத்தியான நேர விருந்தினர் நிகழ்ச்சியில் மோய்ரா வந்து, நேரடி ஒளிபரப்பில், எல்லாரும் பார்க்க அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்றார். மோய்ராவின் கையிலிருக்கும் மைக் செத்த மைக்காக இருக்கும். நான் அரங்கத் தட்டிக்குப் பின்னால் உயிருள்ள மைக்கோடு நிற்பேன். பிசகினால் என்னாகும் என்று ஹாரி கேட்டார். தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டே, மதுச்சாலைக்கு முன்னால் லொறிகள் வேகமாகப் போகிற பாதை இருக்கிறது என்றார். கதையில் அந்த விதவையைக் கொன்றுவிடுவாராம். மோய்ரா தன் கைப்பையின் கொளுவியைத் திறந்து திறந்து மூடினார். ஹாரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

நிகழ்ச்சியன்று இரண்டு தட்டிகளுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்கு இடைவெளி விட்டு என்னை நிறுத்தினார்கள். அதனூடாக மோய்ராவின் முகம் பக்கவாட்டிலும், இடது தோளும், அப்பால் பியானோவில் ஹாரியும் தெரிந்தார்கள். அரங்கில் பார்வையாளர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் பேருந்தில் கூட்டிவரப்பட்ட வயதான பெண்கள். நிகழ்ச்சி நடத்துபவர், ஒரு சந்தோஷப் பேர்வழி, மோய்ராவிடம் பழைய கதைகளைக் கேட்டுவிட்டு, "சில கெட்ட நாக்குகள் சொல்வது பொய் என்று காட்டுவோமா?" என்றார். சனம் சிரித்துக் கைதட்டியது. மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஹாரி தொடங்கினார். தோள் ஏறியது, நான் பாடினேன். முதல் பகுதி முழுவதும் ஒரு மயிரிழை பிசகவில்லை. அவருடைய வாயும் என் குரலும் அவ்வளவு சேர்ந்து போனதில் எனக்கே சந்தேகம் வந்தது, நான்தான் பாடுகிறேனா என்று. கப்பல் நகரத் தொடங்கும் இரண்டாவது பகுதி வந்தது. தோள் ஏறவில்லை. காத்திருக்க நேரமில்லாமல் நான் பாடத் தொடங்கிவிட்டேன். இடைவெளியால் பார்த்தேன். மோய்ராவின் வாய் மூடியிருந்தது.

மறந்துபோனார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. குனிந்து கையிலிருந்த மைக்கைத் தரையில் வைத்தார். பக்கத்தில் இருந்த உயரமான கதிரையில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு அவர் இல்லாமல் அரங்கம் முழுவதும் போய்க்கொண்டிருந்தது. பார்வையாளர்களில் யாரோ சிரித்தார்கள். தள மேலாளர் என் பக்கம் ஓடிவந்து, கழுத்தை அறுப்பதுபோலக் கையைக் காட்டி, நிறுத்து நிறுத்து என்று சைகை செய்தார். நிகழ்ச்சி நடத்துபவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மோய்ரா அவரைப் பார்க்காமலே உதட்டில் விரலை வைத்தார்.

நிறுத்துவதா? நிறுத்தினால் அவர் அவ்வளவு பேர் முன்னால் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பார். தொடர்ந்தாலும் குட்டு உடைந்ததுதான். நான் ஹாரியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. பியானோவை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினார், என் பாட்டுக்கு விட்டுக் கொடுத்து, என் பின்னால் வந்தார். அதுவரை நான்தான் அவர் பின்னால் போயிருக்கிறேன். அது போதும் எனக்கு. தள மேலாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடினேன். நாடா அறுகிற வரி வந்தபோது சிரித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கமெராக்காரர் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் மோய்ராவின் முகத்திலேயே நின்றுவிட்டார். அந்த முகம் என்ன செய்தது என்று நான் பக்கவாட்டில்தான் பார்த்தேன். நேரே பார்த்த பிலிப், அன்றைக்கு லீவு போட்டு வீட்டில் இருந்து பார்த்தவர், சாகும்வரை அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பாதியில் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார்.

பாட்டு முடிந்தது. உடனே விளம்பரம் போட்டார்கள்.

பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தொலைபேசிகள் பின்னேரம்வரை அடித்தன. ஏமாற்றுக்காரி என்று திட்டியவர்கள் பாதி, அழுதவர்கள் பாதி. பத்திரிகைகள் ஒரு கிழமை மென்றன. லொறி வரவில்லை, தயாரிப்பாளருக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. கதையில் மதுச்சாலைக்காரி குயின்ஸ்லாந்துக்குத் தங்கை வீட்டுக்குப் போனாள், இன்னும் திரும்பவில்லை. மோய்ரா வேலையில்லாமல் கஷ்டப்பட்டார், அதை மறைக்க முடியாது. பிறகு மெல்லமெல்ல நாடக மேடைகளில் சிறிய வேடங்கள் கிடைத்தன. பாட்டு இல்லாத வேடங்கள். என்னையும் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். சில மாதம் கழித்து ஹாரி தானே வீட்டுக்கு வந்து, குசினியில் நின்றபடி ஒரு கட்டு இசைத்தாள்களை மேசையில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை என்றார். ஓய்வுபெறும்வரை அந்த ஜூடிக்கும் கரோலுக்கும், அவர்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கும் நடுவில்தான் மூச்செடுத்தேன். சிவப்பிரகாசம் மாஸ்டர் கேக்கோடு வந்து வருத்தம் தெரிவித்தார். ஆனால் போகும்போது வாசலில் நின்று, "அண்டைக்கும் அவங்கள் உம்மட பேரைச் சொல்லேல்லைப் பிள்ளை" என்றார். சொல்லவில்லைதான். தட்டிகளுக்குப் பின்னால் யார் நின்றார் என்று அந்த நிகழ்ச்சியில் யாரும் சொல்லவில்லை. எனக்கு அது வலித்தது, இன்றைக்கும் கொஞ்சம் வலிக்கிறது.

ஆனால் அன்று விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் ஒப்பனை அறைக்கு ஓடினேன். மோய்ரா கண்ணாடிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, முகத்தில் கிறீம் பூசிப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் தொலைக்காட்சி முகம், பாதி முகம் அவருடையது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏன் இப்படிச் செய்தீர்கள், எல்லாம் போச்சே, நான் எங்கே பிழைவிட்டேன் என்று கேட்டேன். எனக்காகச் செய்தார் என்றுதான் நினைத்தேன். என் பெயருக்காக, நியாயத்துக்காக என்று அந்த ஓட்டத்திலேயே மனதுக்குள் ஒரு கதை கட்டிக்கொண்டுதான் வந்திருந்தேன்.

"நீ ஒரு பிழையும் விடவில்லை" என்றார் மோய்ரா. "வாயை அசைத்துக்கொண்டிருந்தால் எதுவும் காதில் விழாது, ரஞ்சி. அடுத்த சொல் எது, உதடு சரியா என்றுதான் ஓடும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நான் அந்த இசைத்தட்டை வீட்டில் போட்டதில்லை. தைரியம் இல்லை. இன்றைக்கு நீ பாடப்பாட எனக்கு என் பாட்டைக் கேட்க வேண்டும்போல வந்துவிட்டது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் யோசிக்கவில்லை."

கேட்டீர்களே, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

அவர் பஞ்சை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம்.

"நான் நன்றாகத்தான் பாடியிருக்கிறேன்" என்றார்.

ஓம், நன்றாகத்தான் பாடினீர்கள் என்று தலையாட்டினேன்.